கேமரா மேல் பொருத்தும் சின்ன மைக்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வீடியோ எடுக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், கேமரா மேல் பொருத்தும் சிறிய மைக் பற்றியவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டோம்.

பள்ளிப் பாடங்களை நடத்தி வீடியோவாகப் போடுகிறேன். கேமரா கேனான் 200டி மார்க் 2. கேமராவிலேயே உள்ள மைக்கில் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது. சின்ன மைக் ஒன்று வாங்கினால் சரியாகிவிடுமா?
– வாசகி, நாமக்கல்

கேமரா உங்களிடமிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. வாயிலிருந்து நேராக வரும் ஒலியைவிட, சுவரிலும் தரையிலும் பலகையிலும் பட்டுத் திரும்பும் ஒலி மைக்கில் அதிகமாக விழுந்தால் குரல் இப்படித்தான் கேட்கும். மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம் இரு மடங்கானால் நேராக வரும் குரல் 6 டெசிபல் குறையும். அறையின் எதிரொலியோ கிட்டத்தட்ட அதே அளவில்தான் இருக்கும். அரை மீட்டரில் இருந்த மைக்கை 2 மீட்டருக்குத் தள்ளி வைத்தால் குரலில் 12 டெசிபல் போய்விட்டது என்று பொருள். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மைக்காலும் இந்த இழப்பைச் சரிக்கட்ட முடியாது.

மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, கேமராவை 50 முதல் 80 சென்டிமீட்டருக்குள் வைத்துப் பேசுகிறீர்கள் என்றால், பேட்டரி இல்லாத சின்ன மைக் தாராளமாகப் போதும். ரோடு நிறுவனத்தின் வீடியோமைக்ரோ 42 கிராம், கார்டியாய்டு வகை. அதாவது முன்பக்க ஒலியை வாங்கி, பின்பக்கத்தை ஒதுக்கும். சென்ஹைசர் எம்கேஇ 200 கிட்டத்தட்ட அதே எடை, சூப்பர்கார்டியாய்டு வகை. பக்கவாட்டு ஒலியை இன்னும் கொஞ்சம் ஒதுக்கும். இரண்டுக்குமே மின்சாரம் கேமராவின் மைக் துளை வழியாகவே போய்விடும். உங்கள் கேமராவில் 3.5 மி.மீ. மைக் துளை இருக்கிறது, கவலை இல்லை.

பலகை முழுவதும் தெரிய வேண்டும் என்பதற்காக கேமராவை இரண்டரை, மூன்று மீட்டர் தள்ளி வைக்கிறீர்கள் என்றால், மைக்கை கேமரா மேல் மாட்டாதீர்கள். அதே சின்ன மைக்கை வாங்கி, 3 மீட்டர் 3.5 மி.மீ. எக்ஸ்டென்ஷன் கேபிள் ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள். பழைய டிரைபாட் அல்லது மைக் ஸ்டாண்டில் மைக்கைப் பொருத்தி, ஃபிரேமுக்குள் தெரியாத அளவுக்கு முன்னாலும் மேலேயும் வைத்து, உங்கள் வாயைப் பார்த்துச் சாய்த்து விடுங்கள். வாயிலிருந்து 40, 50 சென்டிமீட்டர் இருந்தால் நல்லது. மைக்கின் அடிப்பகுதியில் உள்ள மரை சிலவற்றில் 3/8 அங்குலம், சிலவற்றில் 1/4 அங்குலம். ஸ்டாண்டின் மரை என்ன அளவு என்று பார்த்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பொருந்தவில்லை என்றால் சின்னப் பித்தளை அடாப்டர் கிடைக்கும். கேபிளை மின்சார ஒயருக்கு ஒட்டிப் போடக் கூடாது. 5 மீட்டருக்கு மேல் இழுத்தால் 'ம்ம்ம்' என்ற உறுமல் ஏற வாய்ப்புண்டு. பலகைக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டே பாடம் நடத்துபவர் என்றால் இந்த யோசனை எதுவும் சரிப்படாது. சட்டையில் குத்தும் காலர் மைக்தான் வழி.

எந்த முறையானாலும், கேமராவுக்குப் பின்னால் உள்ள வெறும் சுவரில் கனமான ஜமக்காளம் ஒன்றைத் தொங்கவிடுங்கள். உங்கள் குரல் முதலில் போய் மோதும் இடம் அதுதான். ஒலிப்பதிவை ஆட்டோவிலிருந்து மேனுவலுக்கு மாற்றி, சத்தமாகப் பேசும்போது மீட்டர் (திரையில் ஒலி அளவைக் காட்டும் பட்டை) மைனஸ் 12 டெசிபலைத் தொட்டுத் திரும்பும்படி லெவலை வையுங்கள். உங்கள் கேமராவில் ஹெட்ஃபோன் துளை கிடையாது. அதனால் முதலில் அரை நிமிடம் பதிவு செய்து, கணினியில் போட்டுக் கேட்டபிறகே பாடத்தைத் தொடங்குங்கள்.

சோனி இசட்வி-இ10 வைத்திருக்கிறேன். பேட்டரி இல்லாத மைக் மாட்டியும் பின்னணியில் 'உஸ்' என்ற இரைச்சல் வருகிறது. பேசி நிறுத்தியதும் அது இன்னும் கூடுகிறது. மைக் பழுதா?
– வாசகர், திருப்பூர்

நீங்கள் எழுதிய மூன்றாவது வரியிலேயே விடை இருக்கிறது. பேச்சை நிறுத்தியதும் இரைச்சல் கூடுகிறதென்றால் லெவலைக் கேமராவே மாற்றிக்கொண்டிருக்கிறது. அமைதி வந்தவுடன் கேமரா 'சத்தம் போதவில்லை' என்று எடுத்துக்கொண்டு லெவலைத் தானாக ஏற்றுகிறது. நீங்கள் மறுபடி பேசியதும் இறக்குகிறது. மெனுவில் ஆடியோ ரெக் லெவலை நீங்களே குறைத்து ஓர் அளவில் வைத்துவிட்டால் இந்த ஏற்ற இறக்கம் குறையும்.

அதற்குப் பிறகும் ஒரே சீராக இரைச்சல் இருந்தால், அது பெரும்பாலும் மைக்கிலிருந்து வருவதல்ல. கேமராவுக்குள் இருக்கும் ப்ரீஆம்ப்பிலிருந்து (மைக்கின் சிறிய சிக்னலைப் பெருக்கும் பகுதி) வருவது. வீடியோமைக்ரோ போன்ற மைக்கின் சொந்த இரைச்சல் 20 டெசிபல் அளவுதான். மின்விசிறியை நிறுத்திய வீட்டு அறையே பெரும்பாலும் அதைவிடச் சத்தமாக இருக்கும். ஆனால் மைக்கிலிருந்து வரும் சிக்னல் மிகச் சிறியது. அதைக் கேட்கும் அளவுக்கு உயர்த்த கேமராவின் லெவலை ஏற்றும்போது, ப்ரீஆம்ப்பின் இரைச்சலும் கூடவே ஏறுகிறது. சோனியில் அந்த லெவல் 0 முதல் 31 வரை. நீங்கள் 26, 28 என்று வைத்திருந்தால் இரைச்சல் வரத்தான் செய்யும்.

செலவில்லாத சோதனை ஒன்று சொல்கிறோம். மைக்கை வாயிலிருந்து 30 சென்டிமீட்டருக்குக் கொண்டுவாருங்கள். மீட்டர் மைனஸ் 12-ஐத் தொடும் வரை லெவலைக் குறையுங்கள். இரைச்சல் அடங்கிவிட்டதா? மைக் நன்றாக இருக்கிறது, தூரம்தான் அதிகம். அடங்கவில்லை என்றால் மைக்கையோ கேபிளையோ மாற்றிப் பாருங்கள்.

தூரத்தைக் குறைக்க வழியே இல்லாத படப்பிடிப்புக்கு, சொந்தமாகப் பேட்டரியும் ஆம்ப்பும் உள்ள மைக் தேவை. ரோடு வீடியோமைக் ப்ரோ பிளஸில் +20 டெசிபல் பொத்தான் உண்டு. வீடியோமைக் என்டிஜியில் திருகி ஏற்றும் வசதி இருக்கிறது. சென்ஹைசர் எம்கேஇ 400-இல் மூன்று படிகள். அது இரண்டு ஏஏஏ செல்லில் ஓடும். இவற்றில் மைக்கில் ஏற்றி, கேமராவில் இறக்க வேண்டும். லெவலை 3, 4 என்று வைத்துவிட்டு, தேவையான உயர்வை மைக்கின் ஆம்ப்பிடம் விட்டுவிடுங்கள். மைக்கில் +20 போட்டுவிட்டு கேமராவிலும் 20-க்கு மேல் வைத்தால் குரல் கிழியும். செல் தீர்ந்துவிட்டால் படம் ஊமையாகிவிடும் என்பது இவ்வகையின் குறை. வெளியூர் கிளம்பும்போது மாற்றுச் செல் பையில் இருக்கட்டும்.

ஷாட்கன் மைக் என்றால் தூரத்துக் குரலையும் இழுத்துப் பிடிக்கும் என்று கடைக்காரர் சொல்கிறார். உண்மையா?
– வாசகர், ஓசூர்

இழுப்பது எதுவும் இல்லை. பக்கவாட்டு ஒலியைக் கழிப்பது மட்டுமே ஷாட்கன் செய்யும் வேலை. கேமரா மேல் வைக்கும் அளவிலான ஷாட்கன்னில் அந்த வேலையும் பாதிதான் நடக்கும். ஷாட்கன்னின் குழாயில் பக்கவாட்டில் வெட்டுகள் இருக்கும். பக்கத்திலிருந்து வரும் ஒலி அந்த வெட்டுகள் வழியாக வெவ்வேறு நேரத்தில் உள்ளே போய், தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். குழாயின் நீளத்துக்கு ஏற்ற அலைநீளம் உள்ள ஒலிக்குத்தான் இது நடக்கும். 1000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 34 சென்டிமீட்டர். 8, 10 சென்டிமீட்டர் குழாயால் அதை ஒன்றும் செய்ய முடியாது. 3000, 4000 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் அது வேலை செய்யத் தொடங்கும். அதற்குக் கீழே அதுவும் சாதாரண சூப்பர்கார்டியாய்டுதான்.

மூடிய அறையில் இதனால் இன்னொரு தொல்லை. பக்கத்திலிருந்து வரும் எதிரொலியில் மேல்ஸ்தாயி மட்டும் கழிந்து கீழ்ஸ்தாயி தங்கிவிடுவதால் குரல் மந்தமாக, ஒருவிதக் குழாய்த்தன்மையோடு கேட்கும். தாழ்ந்த கூரையும் டைல்ஸ் தரையும் உள்ள அறையில் நீளமான ஷாட்கன்னைவிட, 40 சென்டிமீட்டரில் வைத்த சின்ன கார்டியாய்டு மைக் நன்றாக இருக்கும். திறந்த வெளியில் ஷாட்கன் நல்லது.

வாங்கும்போது இதையும் யோசித்துக்கொள்ளுங்கள்: கேமராவுக்குப் பின்னால் நின்று நீங்களே கேள்வி கேட்பீர்களா, மூச்சு வாங்க நடப்பீர்களா? கார்டியாய்டு நேர் பின்பக்கத்தை நன்றாக ஒதுக்கும். சூப்பர்கார்டியாய்டு மிக அதிகமாக ஒதுக்குவது பின்பக்கத்தில் சாய்வான கோணத்தில், சுமார் 126 பாகையில். நேர் பின்னாலிருந்து வரும் ஒலியைக் கொஞ்சம் உள்ளே விடும். கேமராவைப் பிடித்திருப்பவரின் மூச்சுச் சத்தம் இப்படித்தான் பதிவாகிறது.

ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிப் பக்கம் எடுத்த வீடியோ முழுக்க 'பட பட' என்ற காற்றுச் சத்தம்தான். மைக்கில் ஸ்பாஞ்ச் உறை இருந்தது. எடிட்டிங்கில் நீக்க முடியுமா?
– வாசகர், நாகர்கோவில்

காற்றாலைகள் வரிசையாக நிற்கும் கணவாய் அது. அங்கே ஸ்பாஞ்ச் உறை எதற்கும் உதவாது. ஸ்பாஞ்ச் என்பது வாய்க்காற்றுக்கும் மின்விசிறிக் காற்றுக்கும் மட்டும். வெளிக்காற்றுக்கு நீள ரோமம் கொண்ட உறைதான் வேண்டும். ரோமங்கள் காற்றின் வேகத்தை மைக்கை எட்டும் முன்பே சிறுசிறு அசைவுகளாக உடைத்துவிடும். வீடியோமைக்ரோ, எம்கேஇ 200 இரண்டுக்கும் பெட்டியிலேயே ரோம உறை வரும். வேறு மைக் என்றால் அதன் அளவுக்கே செய்ததை வாங்குங்கள். தளர்வாக இருந்தால் அடியில் இடைவெளி விட்டு அந்த வழியே காற்று புகும்.

உறையைப் பையில் நசுக்கி வைத்து, ரோமம் ஒட்டிப்போன நிலையில் போட்டால் பாதிப் பயன் போய்விடும். சீப்பால் மெல்லக் கோதி நிமிர்த்திவிட்டுப் போடுங்கள். மழையில் நனைந்திருந்தால் காய்ந்தபிறகு போடுங்கள்.

எடிட்டிங்கில் நீக்குவதைப் பற்றி: காற்று மைக்கின் சவ்வை நேரடியாகத் தள்ளுகிறது. அந்தத் தள்ளலில் சிக்னல் உச்சத்தைத் தொட்டு வெட்டுப்பட்டிருந்தால், அந்த நொடியில் குரலே பதிவாகியிருக்காது. அதை எந்த மென்பொருளாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. வெட்டுப்படாமல் அடியில் உறுமல் மட்டும் இருந்தால், 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியை வெட்டும் ஹை பாஸ் ஃபில்டர் போட்டால் பெரும்பகுதி போகும். கேமராவில் உள்ள 'விண்ட் கட்' வசதியும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் குரலின் கனத்தையும் சேர்த்துக் குறைக்கும், பிறகு மீட்க முடியாது. ரோம உறை போட்டபின் அதை அணைத்து வைப்பதே எங்கள் யோசனை.

பேசுபவர் காற்றுக்கு முதுகு காட்டி நிற்கட்டும். கேமரா கிட்ட இருந்தால் அவர் உடம்பே மைக்குக்கு மறைப்பாகும். அந்த ஊரில் ஆடிக்காற்றில் நீண்ட பேட்டி எடுக்க வேண்டியிருந்தால், ரோம உறை போட்ட காலர் மைக்கையே பரிந்துரைப்போம். எல்லாத் திசையையும் ஒன்றாக வாங்கும் காலர் மைக்குக்கு, திசை பார்த்து வாங்கும் மைக்கைவிடக் காற்றின் பாதிப்பு குறைவு.

சமையல் வீடியோவுக்காக வாங்கிய மைக் கேமராவில் வேலை செய்கிறது, போனில் மாட்டினால் செய்யவில்லை. போனில் ஏதோ பதிவாகிறது, ஆனால் தெளிவில்லை.
– வாசகி, காரைக்குடி

கேபிளின் முனையைப் பாருங்கள். கறுப்பு வளையம் இரண்டு இருந்தால் டிஆர்எஸ், கேமராவுக்கானது. மூன்று இருந்தால் டிஆர்ஆர்எஸ், போனுக்கானது. டிஆர்எஸ் முனையைப் போனில் செருகினால் போன் அதை வெறும் ஹெட்ஃபோன் என்று நினைத்து, தன் சொந்த மைக்கிலேயே பதிவு செய்யும். நீங்கள் கேட்கும் தெளிவில்லாத குரல் அதுதான். சந்தேகம் இருந்தால் பதிவு ஓடும்போது மைக்கின் தலையை நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள். 'கரகர' என்று பெரிதாகப் பதிவாகவில்லை என்றால் அந்த மைக் வேலையே செய்யவில்லை. போனுக்கான கேபிள் தனியாகக் கிடைக்கும். எம்கேஇ 200 போன்றவற்றில் இரண்டும் பெட்டியிலேயே உண்டு. டைப்-சி துளை மட்டுமே உள்ள போனுக்கு அடாப்டரும் சேர்த்து வேண்டும். மைக் உள்ளீட்டை ஏற்கும் அடாப்டர்தானா என்று கேட்டு வாங்குங்கள், பாட்டுக் கேட்க மட்டும் உதவுபவையும் கடையில் உண்டு.

அடுப்படியில் இன்னொன்று: மேலிருந்து வாணலியைப் பார்க்கும் கேமராவில் மைக் இருந்தால் அதற்குத் தாளிக்கும் சத்தம்தான் கிட்டே, உங்கள் குரல் எட்டே. மைக்கைக் கழற்றி உங்கள் பக்கம் வையுங்கள். ஆவிக்கும் எண்ணெய்த் தெறிப்புக்கும் நேர் மேலே எந்த மைக்கையும் வைக்க வேண்டாம்.

கோயில் விழாவில் நாதஸ்வரம், தவில் எடுக்கிறேன். கேமராவில் லெவலை எவ்வளவு குறைத்தாலும் ஒலி கிழிகிறது. மீட்டர் சிவப்பைத் தொடவே இல்லை.
– வாசகர், திருவாரூர்

மீட்டர் சிவப்பைத் தொடாமல் கிழிகிறது என்பது முக்கியமான தடயம். எடிட்டிங் மென்பொருளில் அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அலையின் தலை கத்தரித்ததுபோல் தட்டையாக, ஆனால் உச்சக்கோட்டுக்குக் கீழேயே நிற்கும். அப்படியென்றால் லெவல் பொத்தானுக்கு முந்தைய கட்டத்திலேயே, கேமராவின் உள்ளீட்டிலோ மைக்கிலோ வெட்டுப்பட்டுவிட்டது. வெட்டுப்பட்டதைப் பிறகு சிறிதாக்குவதைத்தான் லெவல் செய்கிறது.

சரி செய்யும் வரிசை இது. மைக்கில் +20 இருந்தால் அணையுங்கள். மைனஸ் 10 அல்லது மைனஸ் 20 இருந்தால் போடுங்கள். கேமரா மெனுவில் 'அட்டென்யுவேட்டர்' (உள்ளே வரும் சிக்னலைக் குறைக்கும் வசதி) இருந்தால் அதையும் போடுங்கள். அதன்பிறகு லெவலை ஏற்றி, தவில் உச்சத்தில் மைனஸ் 10 அளவில் நிற்க வையுங்கள். பேச்சுக்கு வைக்கும் லெவலை இங்கே நம்பக் கூடாது. உருட்டுச் சொல் ஒன்று விழும்போது மீட்டரின் முள் எட்டாத உச்சங்கள் அதில் இருக்கும்.

நிற்கும் இடமும் முக்கியம். நாதஸ்வரத்தின் அணசுக்கு (விரிந்த வாய்ப்பகுதி) நேர் எதிரே நின்றால் கூரான ஒலி மட்டும் கொட்டும். இரண்டு, மூன்று மீட்டர் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் நில்லுங்கள். தவிலின் விரல்கூடு போட்ட பக்கமும் குச்சிப் பக்கமும் சமமாகக் கேட்கும் இடத்தைக் காதாலேயே கண்டுபிடித்து, மைக்கை அங்கே கொண்டுபோங்கள். இங்கே நெருங்கிப் போகும் விதி பொருந்தாது. திறந்த பிராகாரத்தில் வாத்தியமே எல்லா இரைச்சலையும் வென்றுவிடும்.

கேனான் 1500டியில் மைக் துளையே இல்லை. என்ன செய்வது?
– வாசகர், விழுப்புரம்

கேமராவை மாற்ற வேண்டாம். மைக்கைப் போனில் மாட்டி, போனில் தனியாகப் பதிவு செய்யுங்கள். கேமரா, போன் இரண்டிலும் பதிவு ஓடத் தொடங்கியதும் ஃபிரேமுக்குள் ஒருமுறை கைதட்டுங்கள். எடிட்டிங்கில் இரண்டு ஒலியலைகளிலும் அந்தத் தட்டலின் கூர்முனையை ஒன்றோடொன்று பொருத்திவிட்டு, கேமராவின் ஒலியை மௌனமாக்குங்கள். நீண்ட பதிவில் இரண்டும் மெல்ல விலகும். அதனால் 10 நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, புதிதாகத் தட்டித் தொடங்குவது நல்லது.

பதிவில் இடையிடையே 'டிர்ர்ர் டிக் டிக்' என்று வருகிறது.
– வாசகர், சேலம்

செல்போன். மைக் கேபிளுக்குப் பக்கத்தில் உள்ள போன் டவரோடு பேசும்போது வரும் சத்தம் அது. போனை ஃபிளைட் மோடில் போடுங்கள், அல்லது இரண்டு மீட்டர் தள்ளி வையுங்கள். சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கேமராவைப் பிடிப்பவர்களுக்குத்தான் இது அதிகம் வரும்.

சோனி ஏ6400-இல் மைக் மாட்டினால் திரை மறைந்துவிடுகிறது.
– வாசகி, புதுச்சேரி

அந்தக் கேமராவின் திரை மேல்நோக்கித் திரும்புவது. கேமரா மேல் உள்ள ஷூவில் (மைக்கைச் செருகும் பள்ளம்) மைக் இருந்தால் அது முகத்தை மறைக்கத்தான் செய்யும். கேமராவின் அடியில் திருகும் எல் வடிவ பிராக்கெட்டோ, பக்கத்தில் அதேபோன்ற பள்ளம் (கோல்டு ஷூ) உள்ள கேஜோ (கேமராவைச் சுற்றி மாட்டும் சட்டம்) வாங்கி, மைக்கை ஓரத்துக்கு மாற்றுங்கள். வைட் லென்ஸ் போடும்போது ரோம உறையின் நுனி ஃபிரேம் மூலையில் தெரிகிறதா என்றும் பாருங்கள்.

கடலோரத்தில் வசிக்கிறேன். மைக்கை எப்படிப் பாதுகாப்பது? கடையில் வாங்கும்போது எதைச் சோதிப்பது?
– வாசகர், தூத்துக்குடி

காற்று புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். நிறம் மாறும் வகை ஜெல்லாக இருந்தால் எப்போது சூடாக்கிக் காயவைக்க வேண்டும் என்று தெரியும். ஏசி அறையிலிருந்து நேராக வெயிலுக்கு எடுத்துப் போனால் சவ்வில் ஈரம் படிந்து 'சடசட' என்று வெடிக்கும். பையை மூடியபடியே கால்மணி நேரம் வெளியே வைத்துவிட்டு எடுங்கள். கடற்கரையிலிருந்து திரும்பியதும் பிளக்கின் உலோக முனையை உலர்ந்த துணியால் துடையுங்கள். உப்புப் படிந்தால் பச்சை பூத்து, தொட்டால் கரகரக்கும்.

கடைக்கு உங்கள் கேமராவையும் காதை முழுதும் மூடும் ஹெட்ஃபோனையும் எடுத்துப் போங்கள். லெவலை மேனுவலில் வைத்து, ஒரே லெவலில் 50 சென்டிமீட்டரிலும் 1 மீட்டரிலும் பேசிப் பதிவு செய்யுங்கள். பேசிக்கொண்டே மைக்கைப் பக்கவாட்டிலும் பின்பக்கமும் திருப்புங்கள். குரல் தெளிவாகக் குறைய வேண்டும், குறையவில்லை என்றால் அது திசை மைக்கே இல்லை. ஆட்டோஃபோகஸை ஓடவிட்டு லென்ஸ் மோட்டாரின் சத்தம் ஷாக் மவுண்ட் (அதிர்வைத் தடுக்கும் மைக் பிடி) வழியாக ஏறுகிறதா என்று கேளுங்கள். கடைசியாக, பதிவு ஓடும்போது பிளக்கை விரலால் லேசாக ஆட்டுங்கள். குரல் விட்டுவிட்டு வந்தால் வேறு கேபிள் போட்டு மறுபடி ஆட்டிப் பாருங்கள். அப்போதும் விட்டால் பழுது கேமராவின் துளையில் இருக்கிறது. மைக்கை வாங்கும் முன் அதைச் சரிசெய்யக் கொடுங்கள்.